இரண்டாங்கட்டை இடிக்கும் முன் ஒரு பார்வை

அன்புள்ள அண்ணன்மார், ஆச்சிமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும்,

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். செட்டிநாட்டில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டை மாற்றிக் கட்டக் கோலாலம்பூர் அண்ணன் போன வாரம் அனுப்பிய வரைபடத்தை மூன்று நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் பங்காளிகளுக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் நம்மூரில் இன்னும் ஏழெட்டு வீட்டில் இதே பேச்சு நடக்கிறது என்று தெரிந்ததால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

அண்ணனின் திட்டம் இதுதான்: முகப்பும் (தெருப்பக்க முன்பகுதி) வளவும் (பெரிய முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு) அப்படியே இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டை முழுக்க இடித்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று மாடி கான்கிரீட் கட்டடம், 14 புள்ளிக்கும் (வீட்டில் பங்குள்ள குடும்பங்களுக்கும்) ஆளுக்கொரு அறை, ஒவ்வொன்றிலும் குளியலறை. இடிப்பதற்குக் காசு வேண்டாம், மரத்தையும் தூணையும் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் ஏன் இப்படி நினைக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. போன படைப்புக்கு (பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் நாள்) வந்தபோது எழுபது வயது ஆச்சி ஒருத்தர் இரவில் கொல்லைப்புறக் கழிப்பறைக்கு டார்ச் அடித்துக்கொண்டு போனதை நானும்தான் பார்த்தேன். ஓடு மாற்றவும் காவல்காரருக்குச் சம்பளம் கொடுக்கவும் 14 புள்ளியில் நாலைந்து பேர்தான் ஒழுங்காகப் பணம் அனுப்புகிறோம். அந்த நாலைந்து பேரில் அண்ணன்தான் முதல் ஆள். அதனால் "பழசை இடிக்கிறார்" என்று யாரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம். வீட்டுக்கு ஆள் வர வேண்டும் என்ற ஆசையில்தான் அவர் இந்த வரைபடம் போட்டிருக்கிறார்.

நான் சொல்ல வருவது வேறு. இடிக்கும் முன் இந்த வரைபடத்தை யாராவது உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, தொடுவதென்றால் எந்தப் பொருளால் என்று. அப்படிப் பார்க்க நம்மூரில் இன்று யாரும் இல்லை. அந்த வேலையை நம் ஊர்ச் சங்கமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

அரசு தடுக்காதா என்று டல்லாஸ் தம்பி கேட்டிருந்தான். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. இதைப் பின்னால் முன்மொழிவோம் என்று ஒரு நாடு எழுதிக் கொடுக்கும் பட்டியல் அது. அதனால் ஒரு செங்கல்லுக்கும் காவல் கிடைக்காது. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 2024-ல்தான். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்துக்குப் பக்கத்தில் என்றால் கதை வேறு. 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். திருமயம் கோட்டை அடிவாரத்தில் வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். எங்கள் வீடு எந்தப் பட்டியலிலும் இல்லை. இடிக்கப் போகிறவர்களும் நாம்தான், தடுக்க வேண்டியவர்களும் நாம்தான்.

என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பது விளங்கும். லிட்டில் இந்தியா பக்கம் ஒரு சின்ன வரைபட அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். பெரும்பாலும் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் தயாரிக்கும் வேலை. இங்கே நகர மறுசீரமைப்பு ஆணையம் 1989-ல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட பத்துப் பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. இன்று 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அந்தப் பாதுகாப்பில் இருக்கின்றன. நம் ஐயாமார் வட்டிக்கடை வைத்திருந்த மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளுக்கு (தொழில் நடத்தித் தங்கியும் இருந்த கூடங்களுக்கு) அந்தக் கொடுப்பினை இல்லை. அறிவிப்பு வருவதற்கு முன்பே அவை போய்விட்டன. அந்தத் தெருவில் இன்று நடந்தால் பணப்பெட்டியும் கணக்குப்பிள்ளையும் இருந்த இடம் எது என்று காட்ட ஒரு சுவர்கூடக் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இந்த விதிகள் மேல் ஏக எரிச்சல். முதல் விண்ணப்பத்தில், கடைவீட்டின் நடுவில் இருந்த காற்று முற்றத்தின் மேல் கான்கிரீட் தளம் போட்டு இரண்டு அறை கூட்டிக் காட்டியிருந்தேன். முடியாது என்று திரும்பி வந்தது. அடுத்தவன் சொத்தில் இவர்களுக்கு என்ன வேலை என்று வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன். அப்புறம் முதலாளி அந்தக் கடைக்கே கூட்டிப்போனார். பகல் பன்னிரண்டு மணி. முன்கதவையும் பின்கதவையும் சாத்திவிட்டு, முற்றத்துக்கு நேரே என்னை நிற்க வைத்தார். விளக்கு ஒன்றும் போடவில்லை. தரையில் கிடந்த ரசீதை என்னால் படிக்க முடிந்தது. கழுத்தில் காற்றுப் பட்டது. "இதை மூடிவிட்டால் இது வீடு இல்லை, நீளமான பெட்டி" என்றார். எனக்கு உடனே நம் வளவு ஞாபகம் வந்தது.

இங்கே நடைமுறை எப்படி என்றால், எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. சைனாடவுன், லிட்டில் இந்தியா மாதிரி வரலாற்று வட்டாரங்களில் கட்டடம் முழுவதையும் காக்க வேண்டும். கேலாங், ஜூ சியாட் போன்ற இடங்களில் முன்பகுதியைக் காத்துக்கொண்டு பின்னால் புதிதாக, சில இடங்களில் உயரமாகவும், கட்டிக்கொள்ளலாம். முடிந்த அளவு இருப்பதை வைத்துக்கொள், பொருந்தும்படி புதுப்பி, கவனமாகப் பழுதுபார் என்பதுதான் இங்கே கொள்கை. பினாங்கில் ஜார்ஜ் டவுன் 2008-ல் உலகப் பாரம்பரிய இடமானது. அங்கே புதுக் கட்டடத்துக்கு 18 மீட்டர் உயரத்துக்கு மேல் அனுமதி இல்லை. நம் பினாங்கு உறவுகளுக்கு இது பழகிய விஷயம். இந்த ஊர்களில் எங்குமே "எதையும் மாற்றாதே" என்று சொல்லவில்லை. எங்கே மாற்றலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, அண்ணனின் வரைபடத்துக்கு வருகிறேன்.

முகப்பையும் வளவையும் வைத்துக்கொள்கிறோமே, அது போதாதா என்று ஆச்சி ஒருத்தர் கேட்டிருந்தார். போதாது ஆச்சி. நம் வீடு தெருவிலிருந்து பின்தெரு வரை ஒரே மூச்சாகக் கட்டிய வீடு. வாசற்கதவைத் திறந்து வைத்து நின்றால் கட்டுக்குக் கட்டு வெளிச்சமும் நிழலும் மாறி மாறித் தெரியும், கடைசியில் பின்வாசல் வெள்ளையாகத் தெரியும். நடுவில் மூன்று மாடிச் சுவர் வந்தால் அந்தப் பார்வையும் போச்சு, காற்றும் போச்சு. வளவு முற்றத்துக்குப் பிற்பகல் வெயிலும் வராது. ஈரம் காயாது.

இன்னொன்று, வளவுக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். இரண்டு பக்கத்து ஓட்டுக் கூரையின் பாரமும் அதில்தான் இறங்குகிறது. ஒரு பக்கத்தைப் பிரித்துவிட்டு, அதன் காலடியிலேயே கான்கிரீட் தூணுக்குக் குழி வெட்டினால் சுண்ணாம்பில் கட்டிய அந்தச் சுவர் என்ன ஆகும்? வளவைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே வளவைச் சாய்த்துவிடுவோம். ஒப்பந்தக்காரரின் தாளில் இந்தச் சுவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தத் தாளில் எனக்கு வலித்த வரி, மரத்தை எடுத்துக்கொள்வது பற்றியது. 'இடிப்புச் செலவு இல்லை' என்றால் என்ன பொருள்? இரண்டாங்கட்டில் உள்ள பர்மாத் தேக்கு உத்திரங்களும் நிலைக்கதவுகளும்தான் அவருக்குக் கூலி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு நான் ஒருமுறை சும்மா பார்க்கத்தான் போனேன். ஒரு கடை வாசலில் நிலை ஒன்றைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். மேலே கஜலட்சுமி. அம்மன் நெற்றியில் யாரோ வைத்த குங்குமம் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் சுண்ணாம்புக்கட்டியால் விலை எழுதியிருந்தது. எந்த ஊர் வீடு என்று கேட்டேன், கடைக்காரருக்கே தெரியவில்லை. எந்த வீட்டு மருமகளோ எத்தனை வெள்ளிக்கிழமை வைத்த குங்குமம் அது.

மாற்றவே கூடாது என்கிறேனா? இல்லை. மூன்றாங்கட்டைப் பாருங்கள். அடுப்படிக்குப் பின்னால் கிணற்றடி, பழைய மாட்டுக்கொட்டில் இருந்த இடம். அப்பச்சி காலத்திலேயே அங்கே தகரம் போட்டாயிற்று, காக்க வேண்டியது அதிகமில்லை. குளியலறையோடு கூடிய ஆறு அறையை அங்கே கட்டலாம். உயரம் மட்டும் இரண்டாங்கட்டுக் கூரையின் முகட்டுக்கு மேல் போகக் கூடாது. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் பழைய சுவரைக் குடையாமல் வெளியே போகட்டும். படைப்பு, சாந்தி (அறுபதாம் கல்யாணம்), கல்யாணம் என்று வரும் நாலு நாளைக்கு ஆறு அறையும் வளவின் உள்வீட்டு அறைகளும் போதும். பெரியவர்களுக்காக இரண்டாங்கட்டு மூலை அறை ஒன்றை மட்டும் குளியலறையாக மாற்றலாம். பின்னால் யாராவது வேண்டாம் என்றால் பழையபடி ஆக்கிவிடும் விதத்தில் செய்யலாம். இந்த வரைபடத்தை நானே போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.

எந்தப் பொருளால் என்பதையும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நம்மூரில் அதிகம் கெடுவது இதில்தான். ஆறு வருடம் முன்பு இரண்டாங்கட்டின் மேற்குச் சுவரில் பூச்சு உதிர்ந்தது. அவசரத்தில் ஒரு மேஸ்திரியைப் பிடித்துச் சிமெண்ட் பூசச் சொன்னது நான்தான். முதல் வருடம் கண்ணாடி மாதிரி இருந்தது. போன தடவை போய்ப் பார்க்கிறேன், இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. விரலால் தட்டினால் டொக்கு டொக்கென்று உள்ளே வெற்றுச் சத்தம். பாளமாகப் பெயர்ந்து விழுந்த இடத்தில் உள்ளிருக்கும் செங்கல் மாவாகக் கையோடு வருகிறது. சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். சிமெண்ட் அதன் வாயை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லைத் தின்கிறது. அதே சுவரில் மூன்றடி தள்ளி, கொள்ளுத்தாத்தா காலத்து முட்டை வெள்ளைக்கருப் பூச்சு இன்றைக்கும் குளிர்ந்து வழுவழுவென்று இருக்கிறது. முகம் மங்கலாகத் தெரிகிறது.

சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். நாள் அதிகம் பிடிக்கும், கூலியும் கூடும். அந்தக் கூடுதலில் ஒரு பங்கைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாம் என்பது என் யோசனை. தரைக்கும் அப்படித்தான். அண்ணனின் வரைபடத்தில் வளவுத் தாழ்வாரத்துக்குப் பளபளப்பு டைல்ஸ் என்று போட்டிருக்கிறது. ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடி மேல் வண்ணத்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊற வைத்துக் கல் எடுக்கிறார்கள். உடைந்த கல்லை மட்டும் அதே பூவில் செய்து வாங்கலாம். சூளையில் வேகாத கல், மிதிக்க மிதிக்கத்தான் மினுங்கும்.

முற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் தகடு போடுவது இப்போது நம்மூரில் பரவுகிறது. குரங்குத் தொல்லைக்கு என்றால் கம்பிவலை போதுமே. நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் முற்றத்தில் விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்தது போக மீதி வாய்க்காலில் ஓடி ஊருணிக்குப் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய ஊர் இது.

சங்கம் என்ன செய்ய வேண்டும் என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஊரில் இருக்கும் இரண்டு பெரியவர்கள், வெளியூரில் இருக்கும் நம் பொறியாளர் பிள்ளைகளில் இரண்டு பேர், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர். வீட்டில் சுவரை இடிப்பது, கூரையை மாற்றுவது, திண்ணையை எடுப்பது என்று எது செய்தாலும் வரைபடமும் படங்களும் இவர்களுக்கு முதலில் வரட்டும். ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் கொடுக்கட்டும். வேண்டாம் என்று சொன்னால் வேறு என்ன செய்யலாம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது கட்டாயம். சட்டப்படி இந்தக் குழுவுக்கு எந்த அதிகாரமும் இருக்காது. ஆனால் கோவில் கணக்கையும் ஊருணித் தூர்வாரலையும் எந்தச் சட்டத்தை வைத்து இத்தனை வருடம் நடத்தினோம்? பங்காளிகள் கூடிச் சொன்னால் கேட்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது.

கோலாலம்பூர் அண்ணே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் இப்போது கொடுக்க வேண்டாம். ஆடியில் எனக்குப் பத்து நாள் விடுப்பு. நேரே ஊருக்கு வந்து வீட்டை அளந்து, நடுச்சுவரையும் உத்திர முனைகளையும் படம் எடுத்து எல்லோரும் பார்க்கப் பொதுவில் போடுகிறேன். நீங்களும் வர முடிந்தால் நல்லது, இரண்டு பேரும் சேர்ந்தே பார்க்கலாம். அதற்குள் இரண்டாங்கட்டில் வடக்கு ஓரம் ஓட்டு விளிம்பில் இருக்கும் தகரக் குழாய் ஓட்டையை அடைக்கக் காவல்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஓட்டைக்கு நேர் கீழேதான் உத்திரத்தின் முனை இருக்கிறது, ஐப்பசி மழை அதில் இறங்கக் கூடாது. அதற்கான செலவை நானே அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து உங்கள் தம்பி