ஒரே படம் எடுத்தவரை மேதை என்பதா?

கரிசல்காரன்:
எகிப்து இயக்குநர் ஷாதி அப்தல் சலாமை இங்கே ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள். 1930இல் பிறந்து 1986இல் இறந்தவர் முடித்த முழுநீளப் படம் ஒன்றே ஒன்று: 1969இல் வந்த ‘அல் மூமியா’ (‘மம்மி’). மற்றவை குறும்படங்களும் ஆவணப்படங்களும். மேதைப் பட்டம் அவ்வளவு மலிவா?

நெய்தல்:
எண்ணிப் பார்த்து வாங்க இதென்ன தேங்காயா? கட்டடக்கலை படித்தவர் அவர். இன்னொரு எகிப்து இயக்குநர் யூசுப் ஷாஹீனின் ‘சலாதீன்’ படத்துக்கு உடைகள் வடிவமைத்தவர். அந்த உழைப்பெல்லாம் இந்த ஒரு படத்தில் இறங்கியிருக்கிறது. பதப்படுத்திய பழங்காலச் சடலமான மம்மியின் கழுத்தை உடைத்துப் பொன்னாலான கண் வடிவ அணியை எடுக்கிறார் நாயகனின் சித்தப்பா. தன் குடும்பம் இத்தனை நாளும் எதை விற்றுச் சாப்பிட்டது என்பது நாயகன் வனீஸுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அந்த முகத்தைப் பாருங்கள்.

கரிசல்காரன்:
என் புகாரே அங்கேதான் தொடங்குகிறது. படத்துக்கு அடிப்படையான உண்மைச் சம்பவத்தில், எகிப்தின் குர்னா ஊரைச் சேர்ந்த அப்துல் ரசூல் குடும்பம் அரச மம்மிகள் இருந்த குழியைக் கண்டுபிடித்து, அதிலிருந்ததை ரகசியமாக விற்றுவந்தது. 1881இல் அதிகாரிகள் அந்தக் குடும்பத்து அகமதுவைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். பிறகுதான் அண்ணன் முகம்மது இடத்தைக் காட்டிக்கொடுத்தார். படத்தில் அந்தச் சித்திரவதை எங்கே? மனசாட்சி உறுத்திய இளைஞன் தானாகவே கெய்ரோ அதிகாரியிடம் போகிறானாம்! அரசுத் திரைப்பட நிறுவனத்தின் பணத்தில் எடுத்தால் அரசின் பிரம்பு மறையத்தானே செய்யும்?

நெய்தல்:
சொன்ன பிறகு வனீஸுக்கு என்ன கிடைக்கிறது? சவப்பெட்டிகள் நீராவிக் கப்பலுக்குப் போகின்றன, அவன் தனியாக நிற்கிறான். இதுவா அரசுக்கு வெற்றி விழா?

பழைய டிக்கெட்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பணம் போட்ட நாட்டிலேயே படம் திரையரங்குக்கு வர 1975 ஆனது. அடுத்து, பண்டைய எகிப்து மன்னனைப் பற்றிய ‘அக்நாதன்’ எடுக்க ஆண்டுக்கணக்கில் உடையும் அரங்கமும் வரைந்து வைத்திருந்தார். கடைசிவரை படம் தொடங்கவே இல்லை. ஒன்றோடு நின்றதற்கு அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

கரிசல்காரன்:
வரைந்ததெல்லாம் படமாகிவிடுமா, ஐயா? ஷாஹீனுக்கும் தணிக்கை இருந்தது, பணத் தட்டுப்பாடும் இருந்தது. பிரான்சிலிருந்தும் பணம் புரட்டி, மொத்தம் முப்பதுக்கு மேல் எடுத்தாரே!

நெய்தல்:
எல்லோரும் ஷாஹீனாக இருக்க வேண்டுமா? 2009இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிட்ட, புதுப்பித்த பிரதி கிடைத்தால் பாருங்கள். பிறகு பேசுவோம்.

கரிசல்காரன்:
பார்க்கிறேன். ஆனால் அடிவாங்கிய அகமதுவை அதில் தேடிக்கொண்டேதான் பார்ப்பேன்.