லினக்ஸ் போட்டதுலேர்ந்து டைம் தப்பா காட்டுது, அவசரம்

கடைக்காரன்77 (திங்கள், இரவு 9.12)
வணக்கம், கடை கம்ப்யூட்டர்ல போன வாரம் லினக்ஸ் போட்டேன் அதுலேர்ந்து டைம் தப்பா வருது, மாத்தி வச்சா அன்னிக்கு நல்லா இருக்கு மறுநாள் பழையபடி தப்பு. இன்னிக்கு ஒருத்தர் பில்ல பாத்துட்டு கடை விடியக்காலைலயே தொறந்தாச்சான்னு சிரிக்கிறாரு. லினக்ஸ எடுத்துடலாமா, யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க

மின்ட்_ரசிகை
எந்த லினக்ஸ்? எவ்ளோ நேரம் தப்பு? முன்னாடி காட்டுதா பின்னாடியா?

பேட்டரி_பாய்
சீமாஸ் பேட்டரி போயிடுச்சு ப்ரோ, மெஷின் ஆஃப்ல இருக்கறப்போ கடிகாரத்தை ஓட்டறது அதுதான். போர்டுல வட்டமா காசு மாதிரி ஒண்ணு இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். எலக்ட்ரிக்கல் கடைலயே கிடைக்கும், மாத்துங்க வேலை முடிஞ்சுது.

பழையதலை
கேள்வி கேக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. டிஸ்ட்ரோ (எந்த வகை லினக்ஸ்) பேரு இல்ல, வெர்ஷன் இல்ல, ட்யூயல் பூட்டான்னு (ஒரே மெஷின்ல விண்டோஸும் இருக்கான்னு) இல்ல, "அவசரம்" மட்டும் இருக்கு. டாக்டர்கிட்ட போய் "வலிக்குது"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துருப்பீங்களா?

மின்ட்_ரசிகை
புதுசா வந்தவருக்கு எதை சொல்லணும்னே தெரியாதுல்ல சார், அதானே பிரச்சினையே.

சும்மா_வந்தவன்
விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (சீக்கிரம் தொறக்கற வசதி) ஆஃப் பண்ணுங்க. எல்லாத்துக்கும் காரணம் அதுதான்.

பழையதலை
விண்டோஸ் இருக்குன்னே அவரு சொல்லல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னால டிரைவ் ரீட் ஒன்லியா மவுண்ட் ஆகும் (படிக்கலாம், எழுத முடியாது), டைம் மாறாது.

கடைக்காரன்77 (செவ்வாய், காலை 10.40)
மன்னிக்கணும் கடைல கூட்டம். லினக்ஸ் மின்ட் 22. விண்டோஸ் 10 அப்படியே இருக்கு, பில்லிங் சாஃப்ட்வேர் அதுல மட்டும்தான் ஓடும். 2025 அக்டோபர்ல 10க்கு சப்போர்ட் முடிஞ்சுதுன்னு சொன்னாங்க, இந்த மெஷின்ல 11 ஏறாது, அதான் நெட் வேலைக்கு மின்ட், பில்லுக்கு விண்டோஸ். விண்டோஸ்ல நெட்டே குடுக்கறதில்ல. தப்பு வர்றது விண்டோஸ்ல, காலைல 10 மணிக்கு 4.30ன்னு காட்டுது. பேட்டரி மாத்திட்டேன், அப்பவும் அதேதான்.

மின்ட்_ரசிகை
இதை முதல்லயே சொல்லிருந்தா பேட்டரி காசு மிச்சம் அண்ணா 😄 சரியா அஞ்சரை மணி நேரம் பாருங்க, நம்ம நாட்டு நேரம் யுடிசிலேர்ந்து (உலகப் பொது நேரம்) அஞ்சரை மணி முன்னாடி, கணக்கு அங்கதான் இடிக்குது. பேட்டரி போனா இப்படி கச்சிதமா அஞ்சரைன்னு போகாது, வருஷமே எங்கயோ போயிடும்.

போர்டுல ஒரு சின்ன கடிகாரம் இருக்கு. அதுல இருக்கறது உள்ளூர் நேரம்னு விண்டோஸ் எடுத்துக்கும், யுடிசின்னு லினக்ஸ் எடுத்துக்கும். நீங்க மின்ட்ல நெட் போட்டதும் அது சரியான நேரத்தை வாங்கி போர்டுல யுடிசியா எழுதி வச்சுடுது. அப்புறம் விண்டோஸ் வந்து அந்த 4.30ஐ பாத்து இதுதான் நம்மூர் நேரம்னு நம்பிடுது. விண்டோஸ்ல நெட் இருந்தா தானா திருத்திக்கும், நீங்க குடுக்கறதில்லையே.

மின்ட்ல டெர்மினல் (கமாண்ட் அடிக்கற ஜன்னல்) தொறந்து இதை இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிங்க: சூடோ, ஸ்பேஸ், டைம்டேட்சிடிஎல் (ஒரே வார்த்தை), ஸ்பேஸ், செட் ஹைஃபன் லோக்கல் ஹைஃபன் ஆர்டிசி, ஸ்பேஸ், 1.

பழையதலை
தப்பான வழி. அந்த கமாண்ட் அடிச்சதுக்கப்புறம் சும்மா டைம்டேட்சிடிஎல்னு மட்டும் அடிச்சு பாருங்க, இந்த முறைக்கு முழு ஆதரவு இல்லன்னு அதுவே எச்சரிக்கை குடுக்கும். திருத்த வேண்டியது விண்டோஸை. ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் செட்டிங்கை எல்லாம் வச்சிருக்கற இடம்) டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் உள்ள ரியல்டைம்இஸ்யூனிவர்சல்னு டிவேர்ட் (எண் மதிப்பு) ஒண்ணு போட்டு மதிப்பு 1 குடுங்க.

மின்ட்_ரசிகை
அந்த எச்சரிக்கை கோடைக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைக்கிற ஊர்க்காரங்களுக்கு சார். நமக்கு அந்த வழக்கமே இல்ல. பில் போடற மெஷின்ல ரெஜிஸ்ட்ரிய தோண்ட சொல்றீங்களே.

யாழ்_பொடியன்
எங்கட பக்கமும் அதே அஞ்சரைதான், எனக்கும் உது வந்தது. நான் ரெஜிஸ்ட்ரி வழியில செய்தனான், ஒரு பிரச்சினையும் இல்லை. ஆறுதலா செய்யுங்கோ அண்ணை.

தமிழ்க்கணியன்
நடுவில் ஒரு சொல். "டெர்மினல்" என்று எழுதுவதைத் தவிர்க்கலாம், "முனையம்" என்ற அழகான சொல் இருக்கிறது. கமாண்ட் என்பது கட்டளை. வன்பொருள் கடிகாரம் என்றால் யாருக்குப் புரியாது?

சும்மா_வந்தவன்
எனக்கு புரியாது. முனையம்னா எங்க ஊர்ல பஸ் நிக்கிற எடம்

தமிழ்க்கணியன்
டெர்மினல் என்றாலும் பேருந்து நிற்கும் இடம்தான் நண்பரே. ஆங்கிலத்தில் இருந்தால் இனிக்கிறதா?

பேட்டரி_பாய்
மெனுல அவருக்கு தெரியறது டெர்மினல்னு, முனையம்னு சொன்னா எங்க போய் தேடுவாரு?

தமிழ்க்கணியன்
மின்ட்டின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் தெரியுமே. செய்து பார்த்ததுண்டா?

பேட்டரி_பாய்
பாத்தேன். பாதி தமிழ் பாதி இங்கிலீஷ், எது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க அரை நாள் போச்சு, திரும்ப மாத்திட்டேன். கூகுள்ல தேடினா பதில் எல்லாம் இங்கிலீஷ் பேர்லதான் இருக்கு.

கடைக்காரன்77 (செவ்வாய், இரவு 8.55)
பாஸ்வேர்ட் கேக்குது, அடிச்சா ஒரு எழுத்தும் விழல. கீபோர்டு போச்சா?

மின்ட்_ரசிகை
கீபோர்டு நல்லாதான் இருக்கு, டெர்மினல்ல பாஸ்வேர்ட் அடிச்சா எழுத்து தெரியாது, சில லினக்ஸ்ல புள்ளி கூட வராது. கண்ணை மூடிக்கிட்டு அடிக்கற மாதிரி அடிச்சு என்டர் தட்டுங்க. எனக்கு முத தடவை இதே டவுட்டு, ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணேன்.

பழையதலை
முப்பது வருஷமா இப்படித்தான் இருக்கு.

கடைக்காரன்77 (புதன், காலை 10.05)
ஐயா அம்மா எல்லாரும் சொன்னதையும் பண்ணிட்டேன் கமாண்டும் அடிச்சேன் ரெஜிஸ்ட்ரியும் போட்டேன். நேத்து வரைக்கும் 4.30ன்னு காட்டினது இப்ப மதியம் 3.30ன்னு காட்டுது!!

மின்ட்_ரசிகை
ஐயோ, ரெண்டையும் பண்ணக்கூடாது. ஏதாவது ஒண்ணுதான். இப்ப மின்ட் போர்டுல உள்ளூர் நேரத்தை எழுதுது, விண்டோஸ் அதை யுடிசின்னு நினைச்சு மேல அஞ்சரை மணி கூட்டிக்குது. ஒண்ணை மட்டும் திருப்பிடுங்க. கமாண்டை எடுக்கறதா இருந்தா அதே வரில கடைசில 1க்கு பதிலா 0.

பழையதலை
இதுக்குத்தான் ஒருத்தர் சொல்றதை மட்டும் கேக்கணும்ங்கறது.

சும்மா_வந்தவன்
அந்த ஒருத்தர் யாருன்னு நீங்களே சொல்லிடுங்க சார்

கடைக்காரன்77 (புதன், மாலை 6.31)
சரியாயிடுச்சு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி 🙏

மின்ட்_ரசிகை
சூப்பர். எதை திருப்பினீங்க, கமாண்டா ரெஜிஸ்ட்ரியா? பின்னாடி வர்றவங்களுக்கு உதவும்.

தமிழ்க்கணியன்
பேருந்து விவாதத்திற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மின்ட்_ரசிகை (ஒரு வாரம் கழிச்சு)
அண்ணா? எதை திருப்பினீங்க?

சிங்கை_வாசி (நாலு மாசம் கழிச்சு)
எனக்கும் இதே பிரச்சினை, ஆனா எட்டு மணி நேரம். படிச்சு பாத்து நானும் ரெண்டையும் பண்ணிட்டேன், இப்ப அவரு எதை எடுத்தாருன்னு யாருக்காச்சும் தெரியுமா?