சோறுண்ண உக்காந்தா பூனை படுத்தும் பாடு

கேள்வி (தக்கலை):
2 வயசு பெண் பூனை, 4 கிலோ. சாளை மீன் அறுக்க உக்காந்தாலே கத்தல். நாங்க உண்ணும்போது மடியில முன்கால் வச்சு தட்டுக்கு எட்டுது. விரட்டினாலும் உடனே திரும்பிடுது. என்ன செய்யலாம்?

பதில் (குளச்சல்):
தட்டுலேருந்து மீன் போடுறதை வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல நிறுத்தணும். பத்து தடவை மறுத்துட்டு பதினோராவது தடவை போட்டா, விடாம கத்தினா கிடைக்கும்னு அது படிச்சுக்கும். நிறுத்தின புதுசுல கத்தல் கூடத்தான் செய்யும். பலரும் மனசு இளகுறது அங்கதான். திட்டுறதும் விரட்டுறதும் அதுக்கு ஒரு கவனிப்பே, பேசாம இருங்க. இலை போடுறதுக்கு அரைமணி முன்ன 10 நிமிஷம் கயிறு ஆட்டி ஓடவிட்டு, உடனே அதோட கிண்ணத்துல தீனி வையுங்க. விளையாடி உண்ட பூனை நக்கிட்டு தூங்கப் போயிடும்.

பதில் (நாகர்கோவில்):
அளவையும் பாருங்க. 4 கிலோ பூனைக்கு நாளுக்கு சுமார் 200–250 கலோரி போதும். உலர் தீனின்னா 55–60 கிராம், நாலு வேளையா பிரிச்சு. குழம்பு மீன் வேண்டவே வேண்டாம், உள்ளியும் (வெங்காயம்) பூண்டும் பூனைக்கு விஷம். பச்சை மீன் சிலதுல பி1 வைட்டமினை அழிக்கிற நொதி உண்டு. உப்பில்லாம வேகவச்சு, முள்ளெடுத்து, ஒரு சின்னத் துண்டு மட்டும்.

பதில் (மார்த்தாண்டம்):
நல்லா தின்னும் மெலிஞ்சா இது பழக்கமில்லை. குடற்புழுவா இருக்கலாம், கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க.