கறுப்பு ஜோடிக்கு வெள்ளைக் குட்டி வருமா?

வியாசர்பாடியில் மொட்டை மாடியில் முயல் வளர்க்கிறேன். ஆண், பெண் இரண்டுமே கருகரு கறுப்பு. 6 குட்டிகள், இன்றோடு 12 நாள், நேற்றுதான் கண் திறந்தன. 5 கறுப்பு, ஒன்று மட்டும் பால் வெள்ளை, சிவப்புக் கண். பக்கத்து வீட்டுக்காரர் "வேற ஆண் பூந்துடுச்சு" என்கிறார். அப்படியா?

— அந்தக் குட்டியை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம் தம்பி. நிறத்தையே அழிக்கிற அல்பினோ ஜீன் ஒடுங்கியது (தாய், தகப்பன் இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும்), தாய் தகப்பன் இரண்டிலும் ஒளிந்திருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. கண் திறக்கும் முன்பே தெரிந்திருக்கும், கறுப்புக் கண் என்றால் மூடிய இமைக்கடியில் கருநிழலாகத் தெரியும்.

— ஒரு மாதம் பொறுங்கள். ஹிமாலயன் முயலும் குட்டியில் வெள்ளைதான், சிவப்புக் கண்தான். மூக்கு, காது, கால், வால் பிறகுதான் கறுக்கும், அதுவும் குளிர்ந்த இடத்தில்தான் நன்றாகப் பிடிக்கும். நம்ம வெயிலில் சாம்பல் பூசினது போல மங்கலாக இருந்தால், அல்பினோ என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

— கேட்டவன்தான். இப்போது புரட்டிப் பார்த்தால் ஒரு கறுப்புக் குட்டிக்கு வயிறும் காதின் உள்பக்கமும் வெள்ளையாக இருக்கிறது!

— அடடா, அதுதான் சிக்கல். முழுக் கறுப்பு ஒடுங்கிய குணம், இரண்டுமே நிஜமான முழுக் கறுப்பு என்றால் அந்த ஜோடிக்கு வெள்ளை வயிறு வராது. கறுப்பாகத் தெரியும் சில முயல்கள் உண்மையில் ஸ்டீல் (வெள்ளை வயிற்றைக் கறுப்பால் மறைத்துவிடும் நிற வகை), உங்கள் ஜோடியில் ஒன்று அப்படியா என்று முதலில் முடியை ஊதிப் பாருங்கள், நுனி மட்டும் வெளிறியிருக்கும். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம், முயலில் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் நடக்கக்கூடியதுதான். கூண்டுக் கதவின் கொக்கியைப் பாருங்கள்.