ஏக்-மோர்த் மதிலைக் கட்டியவர் யார்?

கேள்வி:
தென் பிரான்சில், கமார்க் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கும் ஏக்-மோர்த் என்ற சிற்றூருக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். ஏறத்தாழ 1,640 மீட்டர் சுற்றளவுள்ள அதன் மதிலின் மேல் ஒரு சுற்று நடந்து முடித்தபோது, ஊர் நடுவே சிலையாக நிற்கும் ஒன்பதாம் லூயி மன்னர்தான் இதைக் கட்டியவர் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் 1270-இல் தூனிஸில் இறந்துவிட்டார். மதில் வேலையோ 1272-இல் தொடங்கியதாகப் படிக்கிறேன். அப்படியானால் அவருடைய பங்கு எது? பீரங்கிகள் வந்த பிறகும் இம்மதில் மாற்றப்படாமல் தப்பியது எப்படி?

பதில் 1:
லூயி கட்டியது மதிலை அன்று, வடமேற்கு மூலையில் தனித்து நிற்கும் கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தை. கிழக்கே உள்ள கடலோரப் பகுதியான புரொவான்ஸ் அவர் கையில் இல்லை, அருகிலுள்ள மோன்பெலியே நகரம் ஸ்பெயின் பக்கத்து அரகோன் மன்னரிடம் இருந்தது. ஆகவே மத்தியதரைக் கடலில் தமக்கென ஒரு துறை வேண்டி, சால்மோடி மடத்துத் துறவிகளிடமிருந்து இந்த நிலத்தைப் பெற்றார். உப்பும் கொசுவும் நிறைந்த இடத்துக்கு யார் குடிவருவார்கள்? அதனால்தான் 1246-இல் வரிச்சலுகைகளுடன் சாசனம் அளித்தார். 1248-இலும் 1270-இலும் அவருடைய சிலுவைப் போர்க் கப்பல்கள் இங்கிருந்தே புறப்பட்டன. கோபுரச் சுவர் சுமார் 6 மீட்டர் தடிப்பு. உச்சியில் உள்ள சிறு விளக்குக் கூண்டு, அது கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டதைச் சொல்கிறது.

மதில் அவருடைய மகன் மூன்றாம் பிலிப் காலத்தது. ஜெனோவாவைச் சேர்ந்த குலியெல்மோ பொக்கானேக்ரா என்பவர், துறைமுக வருவாயில் பங்கு பெறும் ஒப்பந்தத்தின்படித் தம் பணத்தையும் போட்டு வேலையைத் தொடங்கினார். 1274-இல் அவர் இறந்ததும் பணி தளர்ந்தது; நான்காம் பிலிப் காலத்தில்தான் முடிந்தது.

பதில் 2:
இரண்டாம் கேள்விக்கு என் விடை: துறைமுகம் தோற்றதால் மதில் பிழைத்தது. கடல் அன்று மதிலைத் தொட்டதாகப் பலர் எழுதுவது பிழை. கப்பல்கள் காயல்கள் வழியாகவும் வெட்டப்பட்ட கால்வாய் வழியாகவும்தான் வந்தன. அந்தக் கால்வாய் ஓயாமல் மணலால் தூர்ந்தது. 1481-இல் புரொவான்ஸ் பிரெஞ்சு முடியாட்சியோடு சேர்ந்ததும், மார்செய் போன்ற இயற்கைத் துறை கையில் இருக்க, இங்கே தூர்வாரச் செலவழிக்க எவருக்கும் மனம் வரவில்லை. ஊர் பெருகியிருந்தால் மதிலை இடித்து வீதி போட்டிருப்பார்கள். இராணுவ மதிப்பு நீடித்திருந்தால் பீரங்கிக்கேற்ப மாற்றிக் கட்டியிருப்பார்கள். தென் பிரான்சின் மற்றொரு மதில் நகரான கார்கசோனில் நாம் காணும் ஞாயில்களிலும் (மதிலுச்சியின் பல்வரிசை) கூரைகளிலும் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-துய்க் செய்த சீரமைப்பு. இங்கே நீங்கள் கண்டது பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டுக் கல்தான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தெற்குப் பக்கத்தில் இத்தனை வாயில்கள் ஏன் என்பதும் இப்போது விளங்குகிறது. அவை காயற்கரைப் படகுத்துறையை நோக்கியவை அல்லவா?

பதில் 1:
ஆம். அவற்றில் ஒன்றான ஓர்கனோ வாயிலின் பெயரே, படகுகளைக் கட்டும் பெரிய இரும்பு வளையத்தைக் குறிக்கும் சொல்.

பதில் 3:
மறுமுறை போனால் மதிற்கற்களைக் கிட்டே நின்று பாருங்கள். நடுப்பகுதி புடைத்திருக்க, விளிம்பை மட்டும் செதுக்கிய கற்கள் அவை. பலவற்றில் கல்தச்சர்கள் தத்தம் வேலையை அடையாளம் காட்டப் பொறித்த குறிகள் உள்ளன. கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தின் மேல்தளத்தில் வேறொரு பொறிப்பும் உண்டு. பிற்காலத்தில் அந்தக் கோபுரம் புரொட்டஸ்டன்ட் பெண்களின் சிறையாயிற்று. 1730 முதல் 1768 வரை அங்கே அடைபட்டிருந்த மாரி துரான் செதுக்கியதாகச் சொல்லப்படும் ‘எதிர்த்து நில்’ என்னும் பொருள்படும் ஒற்றைச் சொல், தளத்தின் நடுவே உள்ள வட்டத் துளையின் கல்விளிம்பில் இன்றும் இருக்கிறது.