வயது குறிக்கப்படாத இளம் சிங்கிள் மால்ட்: சுவைப்பதில் ஓர் ஐயம்

அன்பர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் 2005-இல் தொடங்கப்பட்ட கில்ஹோமன் வடிசாலையின் மக்கிர் பே விஸ்கியைச் சுவைத்துக் குறிப்பெடுத்து வருகிறேன். 46 சதவீத ஆல்கஹால் கொண்ட இந்தச் சிங்கிள் மால்ட்டின் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி) புட்டியில் வயது குறிக்கப்படவில்லை. ஸ்காட்ச் (ஸ்காட்லாந்து விஸ்கி) எதுவானாலும் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் இருந்தாக வேண்டும் என்பதும், வயதைக் குறித்தால் அதிலுள்ள மிக இளைய விஸ்கியின் வயதையே குறிக்க வேண்டும் என்பதும் சட்டமாக இருப்பதால், இதை நான் குறையாகக் கருதவில்லை.

என் சிக்கல் வேறு. முகர்ந்ததும் பீட் புகை (பார்லியை உலர்த்த எரிக்கும் சதுப்புநிலக் கரியின் புகைமணம்), எலுமிச்சைத் தோல், வெனிலா ஆகியவை தெளிவாக வருகின்றன; அவற்றின் அடியில் பேரிக்காயும் ஈரத் தானியமும் கலந்தாற்போன்ற ஒரு மணம் இருக்கிறது. இது இளமையின் அடையாளமா, பார்லியின் இயல்பா? முதிர முதிரப் புகை தணியும் என்பதால், இளம் விஸ்கியில் அது மற்றவற்றை மூடிவிடுகிறது. பீப்பாய் தந்தது எது, பீப்பாயில் ஊற்றும் முன்பே வடித்த சாராயத்தில் இருந்தது எது என்று பிரித்தறிய இயலவில்லை. சில துளி நீர் சேர்த்தால் எரிச்சல் குறைந்து இனிப்பு மேலெழுகிறது, ஆனால் ஷெர்ரி (ஸ்பானிய ஒயின்) இருந்த பீப்பாய் தரும் உலர்பழச் சாயல் (முன்பே மெலிதுதான்) மறைந்துவிடுகிறது.

நீரை எந்தக் கட்டத்தில் சேர்ப்பீர்கள், ஊற்றிய பின் எவ்வளவு நேரம் விட்டுவைப்பீர்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். ஒப்பிட்டுச் சுவைக்கப் புகையில்லாத இளம் மால்ட் ஏற்றதா, 10 ஆண்டு ஆர்ட்பெக் போன்ற ஐலா விஸ்கி ஏற்றதா என்பதையும் தெரிவியுங்கள். மதிப்பெண் பட்டியல்கள் வேண்டாம். அவற்றால் மூக்கு பழகுவதில்லை.