தோல் பூட்ஸுக்குள் தண்ணீர், யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். வேலைக்குப் போடும் தோல் பூட்ஸ், டிசம்பர் மழையில் இரண்டு நாள் நனைந்ததிலிருந்து தையல் வழியாகத் தண்ணீர் விடுகிறது. உள்ளே நாளிதழைத் திணித்து மின்விசிறிக் காற்றில் காயவைத்தேன். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்குமே. இப்போது தேன்மெழுகு பூசலாமா, மிங்க் ஆயில் (மிங்க் என்ற விலங்கின் கொழுப்பு எண்ணெய்) போதுமா? மிங்க் ஆயில் தோலைத் தளர்த்திவிடும், நிறமும் கறுக்கும் என்கிறார் அறைத்தோழர். அவர் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிற ஆள், அதனால் முழுதாய் நம்பவில்லை!

அப்புறம், வலது பூட்ஸின் அடிப்பாகம் முன்பக்கம் பிளந்திருக்கிறது. சூப்பர் குளூ போட்டேன். காய்ந்ததும் விறைத்து, நடந்ததும் விட்டுவிட்டது. வளைந்து கொடுக்கும் பசை எது? பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் அடி என்றால் இந்தச் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் தானே பொடிந்துபோகும், ஆனால் இது ரப்பர்தான். தேக்கா பக்கம் தைத்துத் தருபவர் இருந்தாலும் சொல்லுங்கள், அண்ணன்மாரே.